பின்கதவிலிருந்து பார்க்கவேண்டிய கார்



குடும்பஸ்தர் ஒருவர் கார் தேடப் புறப்படும்போது அவருக்குள்ளேயே இரண்டு பேர் வழக்காடத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவர், குழந்தையின் தள்ளுவண்டிக்கும் வாராந்தர மளிகைக்கும் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போகும் பெட்டிகளுக்கும் இடம் கேட்கிற நிதானஸ்தர். மற்றவர், கலியாணத்துக்கு முன்னால் மோட்டார் சாலையில் அனுபவித்த வேகத்தின் ருசியை இன்னும் மறக்காத ரசிகர். இந்த இருவரையும் சமாதானப்படுத்த ஐரோப்பியர் நெடுங்காலமாகச் செய்துவரும் வாகனம் ஒன்று உண்டென்றால், செடான் காரைப் போலத் தாழ்ந்த உடலும் பின்கதவு வரை நீண்டு செல்லும் கூரையும் உடைய எஸ்டேட் கார்தான் அது. எஸ்டேட் கார்களில் வேகம் மிகுந்தவற்றைப் பற்றியும், பிரிட்டனில் வாழும் நம்மவர் பலர் செய்வதுபோல அவற்றை லீஸுக்கு, அதாவது மாதக் குத்தகைக்கு, எடுப்பதைப் பற்றியும் இன்று பேச உத்தேசித்திருக்கிறேன்.

என் உத்தியோகம் குத்தகை முடிந்து திரும்பிவரும் கார்களைப் பரிசோதிப்பது. ஷோரூமில் விற்பனையாளர் காரை அதன் முகத்திலிருந்து அறிமுகம் செய்வார். எனக்கோ பின்கதவைத் திறந்துதான் பழக்கம். அந்தப் பழக்கத்தினால் எனக்கு உண்டான அபிப்பிராயம் ஒன்றே: எஸ்டேட் காரை அதன் பின்கதவிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும், குத்தகையை அது முடியும் நாளிலிருந்து கணக்கிட வேண்டும்.

வேகம், எஸ்டேட் கார் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வருவதே சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். 1994-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்துக்கு வால்வோ நிறுவனம், டாம் வாக்கின்ஷாவின் அணியோடு சேர்ந்து, 850 என்ற எஸ்டேட் காரையே அனுப்பியபோது பந்தய உலகமும் அப்படித்தான் சிரித்தது. ரிக்கார்ட் ரைடல், யான் லாமர்ஸ் என்ற இரண்டு பந்தய வீரர்கள் ஓட்டிய அந்தச் சதுர உடம்புக் கார்களைக் கண்டு பரிகாசம் செய்தவர்களுக்குப் பதிலாக, அணியினர் ஒருநாள் பஞ்சடைத்த கோலி நாய் ஒன்றைப் பின்னிடத்தில் அமர்த்தி, பார்வையாளர் முன்னிலையில் பவனி வந்தார்கள்! அந்த ஆண்டு வெற்றி ஒன்றுகூடக் கிட்டவில்லை என்பது உண்மை. காற்றுக்கான இறக்கைகளை அனுமதித்து விதிகள் மாறவே மறு ஆண்டு செடானுக்கு மாறினார்கள் என்பதும் உண்மை. ஆயினும், தள்ளுவண்டி ஏற்றும் கார் பந்தயத் தடத்திலும் கௌரவமாக ஓடும் என்பது அன்று எல்லாருக்கும் பிரத்தியட்சமாகிவிட்டது.

அதே காலத்தில் ஆடி நிறுவனம் போர்ஷேயின் துணையோடு ஆர்.எஸ்.2 என்ற எஸ்டேட்டை வெளியிட்டது. ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சினும் 315 குதிரைசக்தியும் கொண்ட அந்தக் காரைச் செய்துமுடித்த இடம் போர்ஷேயின் ஸுஃபன்ஹௌஸன் தொழிற்சாலை. இன்று விலை உயர்ந்த வரிசையில் ஆடி ஆர்.எஸ்.6-உம் பி.எம்.டபிள்யூ எம்3 டூரிங்கும் நிற்கின்றன. நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடிய வரிசையில் ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். நிற்கிறது. உயரமான எஸ்.யூ.வி.யிலும் இந்த எஞ்சின்களைப் பொருத்தலாமே என்பீர்கள். பொருத்தலாம், ஆனால் பாரம் மேலே ஏற ஏற வளைவில் உடல் சாய்வதும், அகன்ற முகத்தில் காற்று மோதி எரிபொருள் செலவு கூடுவதும் இயற்கையின் நியதி. எஸ்டேட்டின் சாமர்த்தியமெல்லாம் தரையோடு ஒட்டிய அதன் ஸ்திரத்தில் இருக்கிறது.

இனி, எனக்கு மிகவும் பிரியமான இடத்துக்கு, அந்தப் பின்கதவுக்கு வருகிறேன். விளம்பரத் தாளில் டிக்கியின் கொள்ளளவு இத்தனை லிட்டர் என்று ஒரு எண் இருக்கும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆக்டேவியா எஸ்டேட்டின் பெட்ரோல் வகையில் அது 640 லிட்டர். அதே காரின், மின்கலம் சேர்ந்த ப்ளக்-இன் ஹைப்ரிட் வகையில், மின்கலம் அடித்தளத்தை எடுத்துக்கொள்வதால் 490 லிட்டர்தான் மிஞ்சியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்! மேலும், லிட்டர் கணக்கு வாசலின் வடிவத்தைச் சொல்லுவதில்லை. சக்கர வளைவுகளுக்கு இடையே எவ்வளவு அகலம், ஏற்றும் விளிம்பு முழங்காலுக்கு மேலா கீழா, பின்கண்ணாடி அழகுக்காகச் சரிந்து மேலிடத்தைக் கவர்ந்துகொள்கிறதா என்பவற்றை அளவுநாடா கொண்டு நீங்களே பார்க்க வேண்டும்.

என் சிநேகிதர் ஒருவர், மகள் வீணை கற்கிறாள் என்பதால், வீணைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே ஷோரூமுக்குப் போனார். விற்பனையாளர் திகைத்தாரேயன்றித் தடுக்கவில்லை. பின்னிருக்கை இரண்டே துண்டாக மடங்கும் காரில், வீணையைப் படுக்கவைத்தால் பிள்ளைகளில் ஒருவர் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. மூன்று துண்டாக, 40:20:40 என்ற விகிதத்தில், மடங்கும் காரிலோ நடுத்துண்டை மட்டும் சாய்த்து, இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே வீணையைச் சௌகரியமாக நீட்டிவிட முடிந்தது. அந்த ஒரு விஷயத்திலேயே அவர் தீர்மானம் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் வீணை இல்லாமல் இருக்கலாம். தள்ளுவண்டியோ, கிரிக்கெட் மட்டைப் பையோ, பாட்டியின் சக்கர நாற்காலியோ இருக்கக்கூடும். அதை எடுத்துக்கொண்டு போங்கள், வெட்கப்படாதீர்கள். குழந்தை இருக்கைகளையும் கையோடு கொண்டுபோங்கள். அவற்றை மாட்டும் ஐஸோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் பின்னிருக்கையின் இரண்டு ஓரங்களில் மட்டுமே இருக்கும், நடுவில் உட்காரப்போகிறவர் யார் என்பதை முன்கூட்டியே நிச்சயித்துக்கொள்வது நல்லது.

ஓட்டிப் பார்க்கும்போதும் தனியாக ஓட்டிப் பயனில்லை. குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றி ஓட்டினால்தான், பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்கு மரக்கிளையை நோக்குகிறதா, அல்லது பின் ஸஸ்பென்ஷன் தானே நிமிர்ந்து கொள்கிறதா என்பது விளங்கும். மெர்சிடீஸ் ஈ-கிளாஸ் எஸ்டேட்டில் இதற்கென்றே பின்பக்கம் காற்று ஸஸ்பென்ஷனைக் கொடுத்து வந்தார்கள். முழுப் பாரம் ஏற்றினால் டயர்க் காற்றைக் கூட்ட வேண்டும் என்று கதவோரத்து ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அதைப் படிப்பவர் அபூர்வம்.

நேரம் ஓடுகிறது, குத்தகைக்கு வருவோம். மாதத்தொகையை நிர்ணயிப்பது காரின் விலை மட்டும் அல்ல, அது இழக்கப்போகிற மதிப்பு. ஓர் உதாரணம் பாருங்கள். 45,000 பவுண்டு விலையுள்ள கார் மூன்று வருஷத்துக்குப் பின் 25,000 பெறும் என்றால் தேய்மானம் 20,000. 38,000 பவுண்டு விலையுள்ள வேறொன்று 16,000 மட்டுமே பெறும் என்றால் தேய்மானம் 22,000. வட்டியையும் இதர செலவுகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், விலை குறைந்த காருக்கே மாதத்தொகை அதிகம்! ஆகையால் விலைப்பட்டியலைக் கண்டு மயங்கவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம்.

முன்பணத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1,800 பவுண்டு முன்பணமும் மாதம் 400 வீதம் 35 மாதமும் கட்டினால் மொத்தம் 15,800; 3,600 முன்பணமும் மாதம் 360 வீதம் 35 மாதமும் கட்டினால் மொத்தம் 16,200. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் மின்னுவது அந்த 360-தான். முன்பணம் திரும்பிவரும் வைப்புத்தொகை அல்ல என்பதையும், தனிநபர் குத்தகையில் கடைசியில் கார் உங்களுடையதாகாது என்பதையும், வேகமான காரின் இன்ஷூரன்ஸ் உங்கள் தலையில்தான் விழும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விட்டுவிட நினைத்தால் தண்டத்தொகை கனமாக இருக்கும்.

மைல் வரம்பும் அப்படியே. லண்டன் குடும்பம் ஒன்று பள்ளிக்கூடத் தூரத்தை மனத்தில் கொண்டு குறைந்த வரம்புக்கு ஒப்புக்கொண்டது. பிறகு மகளுக்கு எடின்பரோவில் படிக்க இடம் கிடைத்தது. போக வர சுமார் 800 மைல். அந்தக் கார் என்னிடம் வந்தபோது, உடல் முழுதும் பளபளத்தது, மைல்மானி மட்டும் வேறு கதை சொல்லிற்று. 6,000 மைல் கூடுதலாக ஓடி, மைலுக்கு 12 பென்ஸ் வீதம் என்றால், 720 பவுண்டு. இடையிலேயே அறிவித்தால் வரம்பை மாற்றித்தரும் நிறுவனங்கள் பல உண்டு, கேட்பதில் நஷ்டமில்லை.

திருப்பித்தரும் வேளையில் பிரிட்டிஷ் வாகன வாடகை, குத்தகைச் சங்கத்தின் கையேட்டை வைத்துக்கொண்டுதான் நாங்கள் பார்ப்போம். அடிப்பூச்சு தெரியாத 25 மில்லிமீட்டர் வரையிலான கீறல் சகஜமான தேய்மானம். சக்கர விளிம்பின் முழுச் சுற்றிலும் சேர்த்து 50 மில்லிமீட்டர் வரை உராய்வு இருக்கலாம். வேகமான கார்களில் நான் அதிகம் குறித்துக்கொள்வது இந்தச் சக்கரங்களையே; பெரிய அலாய் சக்கரமும் மெல்லிய டயரும் நடைபாதைக் கல்லைத் தாமே தேடிப் போவதுபோல் உரசிக்கொள்ளும். ஓர் அளவு சிறிய சக்கரத்தை எடுப்பவர் குலுங்காமல் பயணமும் செய்வார். அடுத்தபடி, தள்ளுவண்டி உரசிய பின்வாசல் விளிம்பு. சாதாரண ரப்பர் விரிப்பு ஒன்று அதைக் காத்திருக்கும்.

மணி நெருங்கிவிட்டது. பெட்டிகளோடு போய்ப் பாருங்கள், மாதத்தொகையை விட்டு மொத்தத்தைக் கூட்டுங்கள், மைல்களைத் தாராளமாக எண்ணுங்கள், முடிவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே காரை நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இவ்வளவும் செய்து நீங்கள் எடுக்கும் கார் குடும்பத்தையும் உங்கள் வேக ஆசையையும் ஒருங்கே சுமந்து திரிந்து, இறுதியில் என்னைப் போன்ற ஒருவர் முன் வந்து நிற்கும்போது, அவருக்கு எழுத ஒன்றுமே இல்லாமல் போகட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.