நிழலில் அளக்கப்படும் வேகம்

(திருவண்ணாமலையில் மாணவர்களுக்கான நிழற்படப் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த முகாமுக்கு நமக்குக் கிடைத்திருப்பது 50, 100 ஏஎஸ்ஏ சுருள்கள்தான். வேகம் குறைந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம். நாம் படம் எடுக்கப் போகிற இடங்களோ வெளிச்சம் குறைந்தவை. அதனால் காலையிலிருந்து எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்த டெவலப்பரில் போட்டால் இதை 400 ஆக்கலாம்? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்க முடியாது. ஆனால் கொஞ்சம் கூட்டலாம். அந்தக் கொஞ்சம் யாருக்குப் போய்ச் சேருது என்பதுதான் நாம் பேச வேண்டியது.

ஃபிலிமின் மேல் பூசியிருப்பது வெள்ளி உப்பின் நுண்படிகங்கள். வெளிச்சம் பட்டு ஒரு படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்களாவது ஒன்றாகச் சேர்ந்தால்தான் டெவலப்பர் அதைக் கண்டுகொள்ளும். அதற்கும் குறைந்தால், அந்தப் படிகத்தைப் பொறுத்தவரை வெளிச்சம் வரவே இல்லை என்றுதான் அர்த்தம். நேரத்தை நீட்டினால் சாம்பல் மூட்டம் ஏறுமே தவிர உருவம் வராது. நான் பேங்க்கில் வேலை பார்க்கிறவன். எங்க பாஷையில் சொன்னா, போடாத கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது.

ஏஎஸ்ஏ எண்ணை எங்கே அளக்கிறார்கள் தெரியுமா? படத்தின் பளிச்சென்ற பகுதியில் இல்லை, நிழலில். நெகட்டிவில் வெறும் மூட்டத்துக்கு மேலே 0.1 அடர்த்தி எந்த வெளிச்சத்தில் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் கணக்கு. ஆக, ஒரு ஃபிலிமின் உண்மையான வேகம் என்பது இருட்டில் நிற்கிறதை அது எவ்வளவு பார்க்கிறது என்பதுதான்.

இப்போது ‘புஷ் பண்றது’ என்ற பழக்கத்தைப் பார்ப்போம். 50 ஏஎஸ்ஏ ஃபிலிமை 200 என்று வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டி, டெவலப்பரில் நேரத்தைக் கூட்டுகிறார்கள். கூடுதல் நேரத்தால் யாருக்கு லாபம்? ஏற்கனவே நிறைய வெளிச்சம் வாங்கியவனுக்கு. 2023 ஜனவரி 30-ல் நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் பல பத்தாண்டுத் தடையைத் தாண்டி முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அப்படியொரு நாளில் உள்ளே எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற நம் பெண்களைப் புஷ் பண்ணி எடுத்தால் என்ன கிடைக்கும்? விளக்கு ஜொலிக்கும், பக்கத்தில் நிற்கிறவரின் வெள்ளை வேட்டி பளீரென்று ஏறும். நம்ம முகம் குழியில் கிடக்கும். ரெண்டு கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற அந்தப் படத்தை நாம நிறையப் பார்த்தாச்சு.

மீட்டரும் சேர்ந்து ஏமாற்றும். அதற்குத் தெரிந்தது ஒரு நடுச் சாம்பல்தான். சட்டத்துக்குள் வெள்ளைத் துணி அதிகமானால் வெளிச்சத்தைக் குறை என்று சொல்லும். கேட்காதீர்கள். நிழலுக்கு வெளிச்சம் கொடு, பளிச்சிடும் பகுதியை டெவலப்பரில் அடக்கு. இது பழைய விதி, நமக்கான விதி.

சரி, எந்த டெவலப்பர்? நாலு வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, கோடாக் 1927-ல் வெளியிட்ட டி-76. நிழலுக்கு அதன் முழு வேகத்தைத் தரும். இல்ஃபோர்டின் ஐடி-11 ஏறக்குறைய இதேதான். ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தும் பயன்படுத்தலாம்.

இரண்டு, ஃபினிடோன் கலந்த மைக்ரோஃபென் வகை. உண்மையிலேயே நிழலில் வேகம் கூட்டுவது இதுதான். ஆனால் அரை ஸ்டாப்பு, மிஞ்சிப்போனால் அதற்குக் கொஞ்சம் மேலே.

மூன்று, 1891-லிருந்து வருகிற ரோடினால். கூர்மை பிரமாதம், நிழலில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

நாலு, பெர்செப்டால் போன்ற நுண்மணி டெவலப்பர்கள். மணி மணியாகத் தெரியாமல் வழவழவென்று வரும், வேகத்தில் அரை ஸ்டாப்பையோ அதற்கு மேலேயோ தின்றுவிடும்.

நம்ம வேலைக்கு முதல் ரெண்டும் போதும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிசைக்குள் வாசல் வெளிச்சம் மட்டும். 50 ஏஎஸ்ஏ, எஃப் 2, மீட்டர் கால் நொடி கேட்கிறது. மைக்ரோஃபெனில் அரை ஸ்டாப்பு கூடினாலும் ஆறில் ஒரு நொடி. கையில் பிடித்து எடுக்க முடியாது. மீதியை நாமதான் செய்யணும். கேமராவை உரல் மேல் வை, கதவு நிலையில் சாய். எடுக்கப்படுகிறவரிடம் பேசி அசையாமல் இருக்கச் சொல். ஒரு வெள்ளை வேட்டியை வாசலில் பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பு. வேட்டிக்கும் ஒரு நல்ல வேலை கிடைத்த மாதிரி ஆச்சு.

ஊட்டியில் 1960-ல் தொடங்கி 1967 முதல் உற்பத்தி செய்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் போட்டது. இன்று அது மூடிக்கிடக்கிறது. ஃபிலிம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், விலையும் அதிகம். டெவலப்பர் அப்படி இல்லை. டி-76 யாருடைய ரகசியமும் அல்ல: மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ், அதாவது நம்ம ஊர் வெங்காரம், 2 கிராம், மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால், அது கரைந்த பிறகே மற்றவை. முழு சல்ஃபைட்டையும் முதலில் போட்டால் மெட்டால் கரையாது. மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், கையுறை போடுங்கள்.

கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு. திருவண்ணாமலைக் கோடையில் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் மூட்டம் ஏறி, சிரமப்பட்டுச் சேர்த்த நிழலை மூடிவிடும். பானைத் தண்ணீரை எடுங்கள், பாட்டிலை ஐஸ் போட்ட தொட்டியில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நான் முகத்தை வெளுக்கச் சொல்லவில்லை. அந்த வேலையை நம்ம ஊர் ஸ்டூடியோக்கள் பவுடர் போட்டும், நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்தும் நிறையச் செய்தாச்சு. நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்களைப் படம் எடுத்த ராய் டெகராவா, 1952-ல் குகன்ஹைம் நல்கை பெற்ற முதல் கறுப்பின நிழற்படக்காரர். வெளிச்சம் குறைந்த அறைகளில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தார். அவருடைய பிரிண்டுகள் இருட்டானவை. ஆனால் அந்த இருட்டுக்குள் கன்னம் இருக்கும், நெற்றி மேடு இருக்கும், களைப்பு இருக்கும். கறுப்புக்குள் எத்தனை கறுப்பு உண்டு என்று காட்டினார்.

நமக்கு வேண்டியதும் அதுதான். 50 என்று எழுதியிருந்தால் 50-லேயே எடுங்கள். ஒரு ஸ்டாப்புக்கு மேல் புஷ் பண்ணாதீர்கள். நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முதலில் நிழலைப் பாருங்கள். அங்கே ஆள் இருக்கிறாரா? இருந்தால் படம் தேறும்.

தொட்டியில் ஐஸ் கரைகிறது. வாங்க, ஆரம்பிக்கலாம்.