ஐந்து குட்டிகளும் ஒரு பேரேடும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

"குட்டி நாய் வளர்ப்பதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் கால்நடை டாக்டர் இல்லை. பி.காம். முடித்து, ரிட்டயர் ஆகும்வரை வங்கியில் பேரேடு எழுதியவன். அதனால் பேச்சில் எண்கள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 இரவு நம் புதுச்சேரி பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் குளமாகிக் கிடந்தன. நம் பார்க்கிங்கிலும் முழங்கால் தண்ணீர். பம்ப் ரூம் ஓரத்தில் நம் தெரு நாய் கறுப்பி ஐந்து நாள் முன்புதான் ஆறு குட்டி போட்டிருந்தது. தினமும் சோறு வைக்கிற கை என்பதால் என் வீட்டம்மாவைக் கறுப்பி தடுக்கவில்லை. துணிக்கூடையில் ஆறையும் போட்டு முதல் மாடிக்குக் கொண்டுவந்தோம். தாயும் பின்னாலேயே வந்துவிட்டது. மொத்தம் இரண்டு மாதம் எங்கள் பின்பக்க அறையில் இருந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் தாய்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறது. குட்டிக்குக் கண் திறக்கவே பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரம்கூடப் போகும். பாவப்பட்டுப் பசும்பால் ஊற்றாதீர்கள். நாய்ப்பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் அதில் இல்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். தாய் இல்லாத குட்டி என்றால் அதற்கென்று விற்கிற பால் பவுடரை டாக்டரிடம் கேட்டு வாங்கி, இரவிலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத வீடு கூடையைத் தூக்கவே வேண்டாம்.

தினமும் காலையில் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பழைய நோட்டில் எழுதினேன். வீட்டில் கேலி பேசினார்கள். ஆனால் ஆரோக்கியமான குட்டி பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்காகப் பத்து நாள் போதும். எந்த ஃபிக்ஸட் டெபாசிட்டில் அப்படி ஏறும், சொல்லுங்கள்! ஆறாவது குட்டிக்கு மட்டும் எண் ஏறவில்லை. ஒரு நாள் நின்றது, மறுநாள் இறங்கியது. அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அந்தப் பத்தியில் அதன் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

நான்காவது வாரம்தான் அமர்க்களம் ஆரம்பம். கால் நின்றதும் பெட்டியைத் தாண்டிவிட்டார்கள். ஐந்தும் ஐந்து திசையில் மூத்திரம் போகும். நாம் நான்காவதைத் துடைக்கும்போது முதலாவது மறுபடி போயிருக்கும். பழைய பேப்பர்க்காரருக்கு அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வியாபாரமே இல்லை. என் செருப்பு, கரண்ட் பில், ஃபிரிட்ஜ் ஒயர் எல்லாவற்றிலும் பல் பட்டது. தரையில் கிடக்கும் ஒயரை முதலில் மேலே ஏற்றுங்கள். செருப்பு போனால் வேறு வாங்கலாம்.

அந்தச் சமயத்தில் "இப்பவே ஒண்ணு குடுங்க சார், சின்னதிலேயே பழக்கணும்" என்று சிலர் கேட்டீர்கள். எட்டு வாரம் ஆகட்டும் என்றேன். சிலருக்கு வருத்தம் என்று தெரியும். காரணம் இதுதான்: குட்டி குட்டியைக் கடிக்கும், வலித்தால் அது கத்தும், விளையாட்டு நிற்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்வது அங்கேதான். முன்னாலேயே பிரித்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் குழந்தையின் கையில் படிக்கும்.

இனி முக்கியமான விஷயம். பொங்கல் லீவுக்கு வந்த என் பேத்தியின் விரலை ஒரு குட்டி விளையாட்டாகக் கடித்தது. பால் பல் ஊசி மாதிரி இருக்கும். ஒரு சொட்டு ரத்தம். "குட்டிதானேப்பா, வீட்டுக்குள்ளேயே இருக்கு, இதுக்குப் போய் ஊசியா?" என்றான் மகன். தாய் தடுப்பூசி போடாத தெரு நாய். குட்டிக்கோ ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்தான். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். "பத்து நாள் நாயைப் பாத்துட்டு அப்புறம் போடலாமே" என்று உறவினர் ஒருவர் போனில் யோசனை சொன்னார். நாயைக் கவனிப்பது ஊசியோடு சேர்த்துச் செய்வது, ஊசிக்குப் பதிலாக அல்ல. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை.

பாரிஸில் லூயி பாஸ்டர் முதன்முதலாக இந்தத் தடுப்பூசியைப் போட்டது ஜோசஃப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு, 1885 ஜூலை 6 அன்று. குன்னூரில் 1907-லிருந்தே பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்று பெருமை பேசுகிற நாம், மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

குட்டிகளைக் கொல்கிற இன்னொன்று பார்வோ. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண பினாயிலுக்கு அசையாது, ப்ளீச்தான் வேண்டும். ஆறு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம்வரை. அது முடியும்வரை குட்டியைக் கீழே தெருவில் இறக்காதீர்கள். பூச்சி மருந்து இரண்டாம் வாரமே தொடங்கிவிடும். டாக்டர் வேண்டுமானால் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஐந்தும் இப்போது நல்ல வீடுகளில் இருக்கின்றன. ஊசி அட்டையோடுதான் கொடுத்தேன், பாஸ்புக் மாதிரி! இரண்டு நம் 'பி' பிளாக்கிலேயே. கறுப்பிக்குப் பால் வற்றியதும் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசியும் போட்டாகிவிட்டது.

"கறுப்பியை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்" என்று போன கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, கருத்தடை செய்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயேதான் திரும்ப விட வேண்டும். கறுப்பியைத் துரத்தினால் அந்த இடத்துக்குக் கருத்தடையாகாத இன்னொரு நாய் வரும். அடுத்த மழைக்கு மறுபடி ஆறு குட்டி. மாடிப்படியிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் சோறு வைக்கக் கூடாது என்பவர்கள் சொல்வதும் நியாயமே. விதியும் அதைத்தான் சொல்கிறது. தள்ளி ஓரிடம் ஒதுக்கும் பொறுப்பைச் சங்கத்துக்குத் தருகிறது.

ஆகவே என் கோரிக்கை இரண்டு: பம்ப் ரூமுக்குப் பின்னால் சோறு வைக்க ஓரிடம், கறுப்பிக்கு வருஷா வருஷம் போடும் ரேபிஸ் ஊசிச் செலவைப் பராமரிப்புக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்ப்பது. பொருளாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள்.