விட்ட படிப்பைத் தொட்டுத் தொடருங்கள்
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளைக் கண்டு மனம் பூரிக்கிறது. ஆனால் வாசலில் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருக்கும் பையன்களையும் பாருங்கள். அவர்களும் இப்பள்ளியில் படித்தவர்களே. இடைநிலைப் பள்ளியில் பாதியில் நின்றவர்கள். "அவன் படிப்பு அவ்வளவுதாங்க" என்று நாமே கதவைச் சாத்திவிடுகிறோம்.

என் தம்பியும் மூன்றாம் படிவத்தோடு நின்றவன்தான். இரண்டு வருடம் லோரியில் மூட்டை தூக்கினான். பிறகு மின்சார வேலை பழக ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். "சின்னப் பசங்களோட உட்கார வெட்கமா இருக்கு அண்ணே" என்றான். வெட்கம் ஒரு மாதம்; சான்றிதழ் ஆயுள் முழுவதும் என்றேன்.

பெற்றோர்களே, வழி இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வைத் தனியாராகவும் எழுதலாம். அச்சான்றிதழுக்கு மலாய்மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். அவற்றில் தவறியவர்கள் அந்தப் பாடத்தை மறுபடி எழுதலாம். எஸ்.பி.எம். இல்லாதவர்கள் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழை முதல் நிலையில் தொடங்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். படிப்படியாக ஏறினால் நான்காம் நிலை டிப்ளோமா.

பணத்துக்கு எங்கே போவது? திறன் பயிற்சிக்குக் கடன் தருவது பி.டி.பி.கே. கல்லூரிப் படிப்புக்கு 1997-இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். நம் சமூகத்துக்கு 1984-இல் அமைந்த எம்.ஐ.இ.டி. உண்டு. இவை கடன்கள், படித்தபின் திருப்பிக் கட்ட வேண்டும். பையனுக்கு மோட்டார் வாங்கத் தவணை கட்டத் துணிகிறோம், படிப்புக் கடனுக்கு மட்டும் ஏன் பயம்? ஆனால் ஒன்று. பயிற்சி நிலையம் அரசு அங்கீகாரம் பெற்றதா என்று விசாரித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் சீவிய கைகள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளா ஒரு பாரத்தை நிரப்பத் தயங்குவது?

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், படிப்பை விட்ட ஒரு பிள்ளையிடம், "தம்பி, மறுபடி படிக்கிறியா?" என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு அவனும் வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்காரட்டும்.