பொறி வரைபவன் பேசுகிறேன்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இப்ப என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பல பேர் கேட்டுவிட்டார்கள். "பொறி வரையறேன்" என்றேன். எலிப்பொறியா என்று சிரித்தார்கள். கிட்டத்தட்ட அதேதான். மாட்டுவது எலி இல்லை, வீரர்கள்.

1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டு வந்தது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் வீரர்களாகிப் பாதாள அறைகளில் புதையல் தேடுவார்கள். பிழைப்பதா, சாவதா என்பதைப் பாதி பகடையும் பாதி புத்தியும் தீர்மானிக்கும். அந்த மாதிரிப் புத்தகங்களுக்குப் படம் போடுவதுதான் இப்போது என் தொழில்.

ஒரு பொறிக்கு இரண்டு படம் வேண்டும். ஒன்று, கதை நடத்துபவருக்கு. தரைக்கல், அதன் அடியில் கீல், எதிர் எடை, குழி, ஈட்டிகள் எல்லாம் தெரியும் குறுக்குவெட்டு. இது நம்ம டிராயிங் ஹாலில் கற்றதுதான். இன்னொன்று, ஆடுபவர்களுக்கு. வாசலில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவது மட்டும். 1978-இல் வெளியான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' புத்தகத்தோடு, ஆடுபவர்களுக்குக் காட்டுவதற்கென்றே தனிப் படத் தொகுப்பு கொடுத்தார்கள். இந்த இரண்டாவது படம்தான் கஷ்டம். மறைக்கணும், ஆனா பொய் சொல்லக் கூடாது. எல்லாக் கல்லிலும் தூசி. ஒரு கல்லின் ஓரத்தில் மட்டும் இல்லை. உற்றுப் பார்ப்பவன் பிழைக்க வழி வைக்க வேண்டும்.

இதை அந்நியச் சரக்கு என்று நினைக்காதீர்கள். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையைப் பாருங்கள். மதுரை மதிலில் எத்தனை பொறிகள்! தானே வளைந்து அம்பு எய்யும் வளைவிற்பொறி, மதிலைப் பற்றும் கையைக் குத்தும் கைபெயர் ஊசி, மீன்கொத்தி போலப் பாய்ந்து கண்ணைக் கொத்தும் சென்றெறி சிரல். அடியார்க்கு நல்லார் உரையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வரைந்து பார்த்தேன். அது என்ன செய்யும் என்று உரை சொல்கிறது. கீல் எங்கே, கயிறு எங்கே என்று சொல்லவில்லை. சிரல் மட்டும் என் தாளில் இன்னும் பறக்க மறுக்கிறது.

பொய் சொல்லக் கூடாது என்று ஏன் இந்தப் பிடிவாதம்? கல்லூரி முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேன் ஆனேன். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடை. ஒரு பிரஸ் மெஷினுக்கு டை வரையச் சொன்னார்கள். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பிக் கூண்டு படத்தில் இல்லை. "ஆர்டர் அவசரம், அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது வாரம், தினம் என்னோடு டீ குடிக்கும் ஆபரேட்டர் அண்ணனுக்கு இரண்டு விரல் போய்விட்டது.

என் படத்தில் ஒரு அளவுகூடப் பிசகவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஆஸ்பத்திரியில் அவர், "விடு தம்பி, நான்தான் கவனமா இருந்திருக்கணும்" என்றார். அவர் கவனமாகத்தான் இருந்தார். கவனிப்பதற்கு அங்கே நான் ஒன்றும் வைக்கவில்லை.

விளையாட்டில் வீரன் செத்தால் புதுப் பெயர் எழுதி அடுத்த ஆட்டம் ஆடலாம். பட்டறையில் அது நடக்காது.

மாணவர்களே, நீங்கள் இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறீர்கள். சந்தோஷம். ஆனால் படம் முடிந்ததும் ஒரு தடவை அதற்குள்ளே போய் நின்னு பாருங்க. கையை எங்கே வைப்பீங்க? காலை எங்கே வைப்பீங்க? அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

சாப்பாடு ரெடி என்று அங்கிருந்து கை காட்டுகிறார்கள்.