எட்டாம் நம்பர் ஊசி



1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், பழைய சுவெட்டரைப் பிரித்து, நூலைக் கழுவித்தான் மறுபடி பின்னினோம். இன்று நீங்கள் அனுப்பும் புது நூலும் மாதிரிப் புத்தகங்களும் பதுளைக்கு வந்து சேர்கின்றன. மகிழ்ச்சி.

ஆனால் ஹப்புத்தளைத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பின்னியவை எல்லாம் சின்னதாகிவிட்டன. மணிக்கட்டு வெளியே தெரிந்தது! அமெரிக்கப் புத்தகம் சொல்லும் எட்டாம் நம்பர் ஊசி 5 மில்லிமீற்றர். நம்மிடமுள்ள பழைய ஆங்கிலேய எட்டு 4 மில்லிமீற்றர்தான். அங்கே நம்பர் கூடினால் ஊசி பருக்கும், இங்கே மெலியும். நானே கவனிக்கவில்லை.

பிரிக்கத்தான் நமக்குத் தெரியுமே, பிரித்தாயிற்று. இனி அனுப்புகிறவர்கள் மில்லிமீற்றரைக் குறித்து அனுப்புங்கள். நாங்களும் 10 சென்றிமீற்றர் துண்டொன்று பின்னி அளந்தே தொடங்குவோம். மார்கழிப் பனிக்குள் முப்பது சுவெட்டர் வேண்டும்.