தலைப்பை விட்டு விலகும் துயரம்



மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போது ஆசிரியர்களாகிய நாம் அடிக்கடி எழுதும் குறிப்பு ஒன்று உண்டு: 'தலைப்பை விட்டு விலகிவிட்டாய்.' அக்குறிப்பை எழுதுமுன் சற்றே தயங்க வேண்டும் என்பதை எனக்கு உணர்த்திய நாவல், அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சர் 1951ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி கேட்சர் இன் த ரை'.

கதை சொல்பவன் ஹோல்டன். தன் 16ஆம் வயதில் நிகழ்ந்தவற்றை 17ஆம் வயதில் நினைவுகூர்கிறான். நான்கு பாடங்களில் தோற்று, விடுதிப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட அவன், வீட்டுக்குச் செல்ல அஞ்சி நியூயார்க் நகரில் அலைகிறான். காண்போரையெல்லாம் போலிகள் என்று இகழ்கிறான். ஆயினும் யாரிடமேனும் பேசிவிடத் தவிக்கிறான். தொலைபேசிக் கூண்டினுள் நெடுநேரம் நின்றும் ஒருவரையும் அழைக்காமல் வெளியேறுகிறான். குளம் உறைந்துவிட்டால் வாத்துகள் எங்கே செல்லும் என்று டாக்சி ஓட்டுநர்களிடம் கேட்கிறான். அது போக்கிடமற்ற ஒருவன் தன்னைப் பற்றியே கேட்கும் கேள்வி.

இத்தவிப்பின் வேர் எங்கே உள்ளது? பள்ளியில் அறைத்தோழன் தனக்காக ஒரு வருணனைக் கட்டுரை எழுதித் தருமாறு கேட்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ வருணித்தால் போதும் என்கிறான். ஹோல்டனுக்கு எந்த அறையும் நினைவுக்கு வரவில்லை. தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். ஆட்டத்தின் இடையே படிப்பதற்காக ஆலி அதன்மீது பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்தான். 1946ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோய் ஆலியைக் கொண்டுபோயிற்று. அன்றிரவு 13 வயது ஹோல்டன், வாகனக் கொட்டகையின் சன்னல்களையெல்லாம் வெறுங்கையால் உடைத்தான். கையுறை பற்றிய கட்டுரையைக் கண்ட தோழன், கேட்டதை எழுதவில்லையே என்று சினக்கிறான். ஹோல்டன் அதை வாங்கிக் கிழித்தெறிகிறான். நாவலில் அவன் தன் துயரத்தை எழுத்தில் வடித்தது அந்த ஒரு முறைதான். அதுவும் 'தலைப்புக்குப் பொருந்தாதது' ஆயிற்று.

பின்னர், தான் நம்பும் ஓர் ஆசிரியரிடம் பேச்சு வகுப்பைப் பற்றிக் கூறுகிறான். பேசுபவர் பொருளை விட்டு விலகினால் மற்றவர் உரக்கக் கூவித் தடுக்க வேண்டும் என்பது அவ்வகுப்பின் விதி. பண்ணையைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஒரு மாணவன், நோயுற்ற தன் மாமாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறான். வகுப்பு கூச்சலிடுகிறது. ஹோல்டனுக்கோ அந்த விலகலே பிடித்திருந்தது.

ஆசிரியர்களே, மதிப்பெண்ணைக் குறைப்பது நம் கடமையாகலாம். ஆனால், விலகிச் சென்ற அந்தப் பத்தியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். அம்மாணவனைத் தனியே அழைத்து, "யார் இந்தத் தம்பி?" என்று கேளுங்கள்.

மாணவர்களே, ஹோல்டன் ஊரை விட்டே ஓடிவிட எண்ணியபோது அவனைத் தடுத்தது எவருடைய அறிவுரையும் அன்று. தானும் உடன்வருவதாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்ற 10 வயதுத் தங்கை ஃபீபிதான். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் பேசுங்கள். எங்கிருந்து தொடங்கினாலும் சரி, தலைப்பு பொருந்த வேண்டியதில்லை.