பிள்ளைகள் ஆட்டத்தில் நாமும் சேருவோம்

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் குழுத் தலைவி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சேமிப்பு, கடன், வட்டி என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு நம் வீட்டு வாண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். "எந்நேரமும் விளையாட்டு, கார்ட்டூன், போன்"னு புலம்பாத தாய் இங்கே இருந்தால் கை தூக்குங்க பார்ப்போம். ஒரு கைகூட இல்லை!

எங்கள் குழுவில் நடந்த கூத்தைக் கேளுங்கள். வசூல் விவரம் கேட்டு கணக்காளர் ஒரு உறுப்பினருக்குப் போன் போட்டார். எடுத்தது ஏழு வயது மகன். "அப்புறம் பேசுங்க, கடைசி உயிர்ல இருக்கேன்"னு சொல்லி வச்சுட்டான். கணக்காளர் பதறிப்போய் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல, தெருவே திரண்டு ஓடியது. பையன் திண்ணையில் உட்கார்ந்துகிட்டு, "மூணு உயிர்ல ரெண்டு போச்சு"ன்னு கணக்குச் சொல்றான்! ஓடி வந்த அப்பத்தா, "எனக்கு இருக்கிறது ஒத்த உயிர்டா, அதையும் எடுத்துராத"ன்னாங்க.

இன்னொரு வீட்டுப் பையனுக்குப் போகிமான் பைத்தியம். அந்தக் கதையில் புழு கூடு கட்டி, பட்டாம்பூச்சியாகி, சொன்ன பேச்சைக் கேட்டுச் சண்டை போடும். இவன் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைப் பிடித்து டிபன் டப்பாவில் போட்டு, துணிக் கொடிக்குக் கீழே வைத்துவிட்டான். ராத்திரியில் அது வெளியே வந்து துணியில் ஏறிவிட்டது. விடிந்ததும் வீடே சொறிகிறது! அம்மா விளக்குமாற்றை எடுக்க, "அடிக்காதம்மா, நாளைக்கு அது பறக்கும்"னு அழுகிறான்.

சிரிக்கிறோம். ஆனால் ஒரு விஷயம். போகிமானை உருவாக்கிய ஜப்பான்காரர் சதோஷி தாஜிரி, சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பவராம். அந்த ஆசையிலிருந்து பிறந்து, 1996-ல் வெளிவந்த விளையாட்டு அது. நாம் மட்டும் என்ன? தீப்பெட்டிக்குள் இலை போட்டுப் பொன்வண்டை வளர்த்து, முட்டை போடுதான்னு திறந்து திறந்து பார்க்கவில்லையா?

போனில் ஆடும் லூடோவும் அப்படித்தான். நம் நாட்டுப் பச்சிசி ஆட்டத்தைப் பார்த்து, 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய விளையாட்டு. பேத்தி ஆடுவதைப் பார்த்த ஒரு பாட்டி, "தாயக்கட்டை எங்க?"ன்னு கேட்டார். "இந்த போனுக்குள்ளதான்"னு பிள்ளை சொன்னதும், போனையே ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, "தாயம்!"னு தரையில் போடப் போயிட்டாங்க. பேத்தி பாய்ந்து பிடித்தாள். அன்று சாயங்காலமே திண்ணையில் சுண்ணாம்புக் கட்டம் போட்டு நிஜத் தாயம் ஆடினார்கள்.

ஆட்டப் பைத்தியம் இன்று வந்ததில்லை. நம் மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் தோண்டியபோது, 2000 வருஷத்துக்கும் முந்தைய பகடைக்காய், ஆட்டக்காய், சில்லு எல்லாம் கிடைத்தன. அங்கே 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்தார்கள். லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அந்தக் காலத்து அம்மாவும், "சோறு ஆறுது, வாடா"ன்னு கத்தியிருப்பாள்தானே!

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நம் போனில்தான் வங்கிக் கணக்கும் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர், மகன் ஆடும்போது தினம் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு? ஏன் ஓடுறான்?"னு கேட்பார். ஒருநாள் அவனே ஓடி வந்து, "அம்மா, வைரம் வாங்க ரகசிய நம்பர் போடச் சொல்லுது, போடவா?"ன்னு கேட்டான். மறுநாள் கட்ட வேண்டிய தவணைப் பணம் முழுசும் அந்தக் கணக்கில் இருந்தது. எப்பவும் திட்டு வாங்கும் பிள்ளையாக இருந்தால் கேட்டிருப்பானா? அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு மறைத்துத்தான் போட்டிருப்பான்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனாலும் சாதாரண விளையாட்டுக்குள்ளேயே வைரம், துப்பாக்கி, சட்டை என்று விற்கத்தான் செய்கிறார்கள்.

அதனால் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். அவர்கள் பார்க்கும்படி போடவும் வேண்டாம். இரண்டு, ஏமாற்றுக்காரர்களிடம் பணம் போனால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மூன்று, தினம் பத்து நிமிஷம் அவர்கள் ஆட்டத்தைக் கேளுங்கள். பதிலுக்குப் பல்லாங்குழியும் பம்பரமும் சொல்லிக் கொடுங்கள்.

நம்மோடு சிரிக்கிற பிள்ளை நம்மிடம் மறைக்காது.